இரண்டாவது இழுப்பு

வியாழன், ஜூலை 5

காலையிலேயே வெயில் முதுகில் ஏறிவிட்டது. மலை உச்சியில் ஒரு துண்டு மேகம் இருந்தது. பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அதையும் காணோம்.

பெட்டியில் வைத்தவை: சட்டை மூன்று, பேன்ட் இரண்டு, லுங்கி, வயிற்று மாத்திரை, பாஸ்போர்ட். அன்சருக்கு அவன் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய், மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி. டயர் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த இந்த டைரி.

வைக்காதது: லாரி ஆபீஸ் சாவிக்கொத்து. அப்பா கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். இடுப்பு இவ்வளவு லேசாக இருந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

நாளைக்கு நானும் பாஸ்கரும் சிங்கப்பூர். எழுதிப் பார்த்தாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. போவது வெள்ளி, வருவது திங்கள். அங்கே ஆற்றங்கரையில் தெருவிழாவாம். ஊர் ஊராகச் சுற்றுகிற வித்தைக்காரர்கள் வந்து ரோட்டில் நின்று ஆடுவார்களாம், சர்க்கஸ் செய்வார்களாம். அன்சர் அங்கே வேலைக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறான். இந்த வருஷம் பாஸ்கர் பிடிவாதமாக நின்றுவிட்டான். அவன் டிராவல்ஸ் வைத்திருப்பவன், டிக்கெட்டும் விசாவும் அவனுக்கு டீ வாங்கி வருகிற மாதிரி. மூன்று பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இனி அவனைப் பா. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

அப்பா சாப்பிடும்போது: "ரோட்ல ஆடறவன பாக்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமா? பௌர்ணமிக்கு பௌர்ணமி நம்ம கிரிவல ரோட்லயே ஆடறானுங்களே."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரி கலை மட்டும் சிரிக்கவில்லை.

அவள் ஏன் சிரிப்பாள். வேலை ஆர்டர் வந்து இன்றோடு ஒரு வாரம். அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் அரசு நடுநிலைப்பள்ளி டீச்சர். இங்கிருந்து தினம் போய் வருகிற தூரம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்துவிட்டுக் காத்திருந்தது. பாப்பா பிறந்து, பாப்பா எல்.கே.ஜி. போகிற வரை காத்திருந்தது. ஊர் எல்லையில் இருக்கிற வேங்கிக்கால் அரசு ஆபீசுக்குத் தானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். பதினாறாம் தேதிக்குள் சேர வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருத்தருக்குப் போய்விடும்.

அப்பா ஆர்டரைப் படித்துப் பார்த்தார். மடித்துக் கொடுத்தார். "ஆடி முடியட்டும். பேசிக்கலாம்."

ஆடி பதினேழாம் தேதி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆடி முடிகிறபோது வேலையும் முடிந்திருக்கும். அப்பாவுக்கு இது தெரியாதா? நாட்டுக்கே காலண்டர் பார்த்துச் சொல்கிறவர்.

நான் என்ன சொன்னேன்? "சரிப்பா." என் வாயிலிருந்து தானாக வரும் ஒரே வார்த்தை.

பெட்டி மூடும்போது கலை: "போறதுக்குள்ள மாமாகிட்ட பேசிடறேன்னீங்க."

"வந்து பேசறேன்."

"சரிங்க."

அவ்வளவுதான். துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளி, ஜூலை 6

ஏரோப்ளேனில் நடு சீட்டு. பா. ஜன்னலோரம். இந்தப் பக்கம் ஒரு பெரியவர், ஏறியதும் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். பெல்ட். முட்டிக்கு முன்னால் மடக்குப் பலகை. கையை வைக்க இடமில்லை. வீட்டை விட்டுத் தப்பித்தோம் என்று நினைத்தேனே, நல்லா தப்பித்தேன்.

பா. மேகத்தைப் பார்த்து: "மச்சான், மேல இருந்து பாத்தா எல்லாம் பஞ்சு மூட்டைடா."

"மூட்டையப் பத்திப் பேசாத."

அன்சர் விமான நிலையத்துக்கே வந்திருந்தான். இளைத்திருக்கிறான். கட்டிப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது ஊறுகாய். அவன் அப்பாவின் வாட்ச் கடை எப்படி இருக்கிறது, தேரடியில் இன்னும் கூட்டமா, ரோடு போட்டார்களா. ரோடு போட்டார்கள், திரும்பத் தோண்டினார்கள் என்றேன். நிம்மதியாகச் சிரித்தான்.

அவன் இருப்பது ஏழாவது மாடி. ஒரு அறையில் நாலு பேர், இரண்டு பேர் ஷிப்டில். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. ஜன்னலில் கம்பி, கம்பியில் துணி. இதற்குத்தான் இவனைப் பார்த்து இத்தனை வருஷம் பொறாமைப்பட்டேன்.

"வெளிநாட்ல ஜாலியா இருக்கன்னு நெனச்சியா?" என்றான். "எங்க சூபர்வைசர் கம்மியா பேசறவன். உங்கப்பா மாதிரியேதான்."

நான் சொல்லாமலே என் மனசில் இருந்ததை எப்படிக் கண்டுபிடித்தான் என்று யோசிக்கிறேன். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, சின்ன வயசிலேயே என்னை லாரி ஆபீஸ் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தவன்தானே.

சனி, ஜூலை 7

காலை மழை, பிறகு புழுக்கம். நம்ம ஊர் வெயில் சுடும். இந்த ஊர் வெயில் ஒட்டுகிறது.

மத்தியானமே ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம். பார்த்தவை: நெருப்பை விழுங்குகிற பெண். ஒற்றைச் சக்கரத்தில் ஏறிக் கத்தி வீசிப் பிடிக்கிற கிழவன். பொம்மையோடு சண்டை போடுகிற ஒருத்தன், ஒரு வார்த்தை புரியவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தேன். உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு சிலை மாதிரி அசையாமல் நின்ற ஒரு ஆள்.

சிலை ஆளிடம் மட்டும் ரொம்ப நேரம் நின்றேன். எல்லாரும் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள், குழந்தைகள் காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவன் கண் மட்டும் அசைகிறது.

பா.: "இன்னாடா, உன்ன மாதிரியே இருக்கான்னு பாக்கறியா?"

நாயே என்றேன். உண்மையில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனங்கள் ஆற்றின் இரண்டு கரையிலும் நடந்துகொண்டே பார்க்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்களை அறியாமல் வலது கைப்பக்கம் ஆறு இருக்கும்படியே சுற்றிக்கொண்டிருந்தோம். எதிரே வருகிறவர்கள் மேலெல்லாம் இடித்தோம். அன்சர்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான்: "டேய், இது கிரிவலம் இல்லடா. எந்தப் பக்கம் வேணா போலாம்."

நாலு மணிக்கு அன்சரின் செல்லில் அப்பா. செங்கம் பார்ட்டியின் சரக்கு எந்த வண்டியில், தார்ப்பாய் எங்கே, திங்கட்கிழமை எத்தனை மணிக்குத் திரும்பி வருவேன். கடல் தாண்டியும் விடவில்லை. நெருப்புப் பெண் நெருப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள். நான் தார்ப்பாய் இருக்கும் மூலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கலையைக் கூப்பிடச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. "சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இன்னும் காது சுடுகிறது.

சாயந்திரம். சாக்பீசால் தரையில் பெரிய வட்டம், சுற்றிலும் நல்ல கூட்டம். நடுவில் பனியனும் சிவப்புப் பட்டையும் போட்ட ஒரு வெள்ளைக்காரன். அவனைக் கயிற்றால் எப்படிக் கட்டினாலும் பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிடுவானாம். கட்டுவதற்குக் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வேண்டும் என்றான். பா. என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டான்.

வட்டத்துக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுப் போனேன். ஆடுகிற இடத்தில் செருப்போடு ஏறுவதா? கூட்டம் சிரித்தது. அவனும் என் காலைப் பார்த்துவிட்டு, தன் ஷூவையும் கழற்றி என் செருப்புப் பக்கத்தில் வைத்தான். இன்னும் சிரித்தார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

கயிறு நீட்டினான். பழைய லாரிக் கயிறு மாதிரியே தடிமன். அதைப் பிடித்ததும் நான் எங்கே இருக்கிறேன் என்பதை என் கை மறந்துவிட்டது. அவன் கை இரண்டையும் உடம்போடு சேர்த்து, நெஞ்சைச் சுற்றி, முதுகில் குறுக்கே போட்டு, முட்டியை முதுகில் ஊன்றி இழுத்து, லோடு முடிச்சு. நுனியை முதுகுப் பக்கம் தொங்கவிட்டேன். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மொத்தமும் அவிழும். ஆனால் கட்டப்பட்டவனின் கை அங்கே எட்டாது.

சரி, இதோடு வந்திருக்க வேண்டும். அவன் கட்டோடு வட்டத்தைச் சுற்றி நடந்து ஏதோ பேசினான், சிரிக்க வைத்தான். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கு நேரே கயிறு தளர்ந்து தெரிந்தது.

லோடு என்றால் அது தளரத்தான் செய்யும். மூட்டை ஏற்றும்போது நிமிர்ந்து நிற்கும், வண்டி குலுங்கினால் அமுங்கும். அதனால் வண்டி கிளம்பியதும் வேங்கிக்கால் தாண்டி நிறுத்துவோம், கயிற்றை இன்னொரு தடவை இழுத்துக் கட்டுவோம். முதல் இழுப்பை நம்பாதே என்று அப்பா என்னை எத்தனை தடவை அடித்திருப்பார்.

யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். முட்டியை ஊன்றி, இரண்டாவது இழுப்பு.

அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. "ஓகே ஓகே" என்று சொல்லிவிட்டு ஓரமாக வந்து நின்றுகொண்டேன்.

பாட்டுப் போட்டார்கள். திமிறினான். தரையில் உருண்டான். கூட்டம் கை தட்டியது. பாட்டு முடிந்தது, அவன் வெளியே வரவில்லை. திரும்பவும் பாட்டு. முகம் சிவந்து வியர்வை ஊற்றுகிறது. கூட்டம் நடிப்பென்று நினைத்து இன்னும் கத்துகிறது. அவன் மட்டும் கத்தவில்லை. படுத்த வாக்கில் தலையைத் திருப்பி என்னையே பார்த்தான். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, வெறுமனே பார்த்தான். இந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது, எங்கே என்று தெரியவில்லை.

கூட்டத்திலிருந்து அன்சர்: "குமரேசா, அவுத்து விடுடா. அவன் நடிக்கல."

ஓடிப்போய் நுனியை இழுத்தேன். மொத்தமும் விழுந்தது. அவன் எழுந்து மூச்சு வாங்கினான், என் கையைத் தூக்கிப் பிடித்துக் கூட்டத்திடம் ஏதோ சொன்னான். எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள்.

"இன்னா சொன்னான்?"

"நீ எந்த ஜெயில்ல வேலை பாக்கறன்னு கேக்கறான்."

பா. சாப்பிடுகிற வரை சிரித்தான்.

ஞாயிறு, ஜூலை 8

வானம் மூட்டம். காலையில் மூன்று பேரும் அதே இடத்துக்குப் போனோம். மன்னிப்புக் கேட்காமல் ஊர் திரும்ப எனக்கு மனசில்லை.

வித்தைக்காரன் தன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையில் கயிற்றுத் தடம் நீலமாக. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைகிற மாதிரி காட்டினான். கோபமே இல்லை. அன்சர் மொழிபெயர்த்தான்.

"எந்த ஊர்லயும் நாலு பேர் இறுக்கிக் கட்டுவாங்களாம். பரவாயில்லயாம். ஆனா கட்டினவன் திரும்ப வந்து இழுத்தது இதுதான் முதல் தடவையாம். ஏன் வந்தன்னு கேக்கறான்."

லாரி லோடு, வேங்கிக்கால், இரண்டாவது இழுப்பு எல்லாம் சொன்னேன். அன்சர் சொல்லச் சொல்ல அவன் கண் விரிந்தது. நூடுல்ஸை வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தான். என்னை நிற்க வைத்தான்.

மூச்சை இழு என்றான். இழுத்தேன். நெஞ்சை விரி, முழங்கையைக் கொஞ்சம் வெளியே தள்ளு, ஆனால் தெரியக்கூடாது. அப்படியே கட்டினான், நல்ல இறுக்கம். இப்போது மூச்சை விடு. விட்டேன். கயிற்றுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம். இரண்டு தோளை அசைத்தேன், கயிறு கழுத்துக்கு மேலே வந்துவிட்டது.

"கட்டி முடிச்சப்புறம் எவ்ளோ திமிறினாலும் பிரயோஜனம் இல்லயாம்," என்றான் அன்சர். "கட்டும்போதே இடம் எடுத்துக்கணுமாம். அவ்ளோதான் வித்தை."

எனக்கு எரிச்சல் வந்தது. முப்பத்து மூன்று வயசு வரைக்கும் இதை யாருமே சொல்லவில்லையே என்று. ஒவ்வொரு தடவையும் அப்பா கயிற்றை எடுக்கும்போதே நான் மூச்சை விட்டுவிடுகிறேன். சரிப்பா, சரிப்பா.

"ரெண்டாவது தடவை வந்து இழுத்தா இன்னா பண்றது? கேளு."

அவன் சிரித்துவிட்டான். அதற்கு ஒன்றும் பண்ண முடியாதாம். நுனி யார் கையில் இருக்கிறதோ அவனைப் பார்க்க வேண்டியதுதானாம். அவனுக்குப் புரிந்தால் உண்டு.

சாயந்திரம் அன்சர் போனில் வீட்டுக்குப் பேசினேன். கலை எடுத்தாள்.

"பாப்பா?"

"தூங்கறா. மாமா கூட சைக்கிள் ஓட்டிட்டு வந்து களைச்சிட்டா."

"ஆர்டர்?"

"பீரோல இருக்கு."

பின்னாலேயே அம்மா யாரென்று கேட்கிற சத்தம். வைத்துவிட்டாள்.

பா.வுக்கும் அன்சருக்கும் விஷயத்தைச் சொன்னேன். பா. உடனே: "நீ பேசலன்னா நான் வந்து பேசறேன்டா." எதற்கு? அவன் போன பிறகு வீட்டில் இருக்க வேண்டியவன் நான்தானே. அன்சர் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், அவன் இங்கே வந்தபோது அவன் அப்பாவும் ஒரு மாசம் பேசவில்லையாம். இப்போது தினம் பேசுகிறாராம். பேசி முடித்ததும் இவனுக்குத்தான் அழுகை வருகிறதாம்.

திங்கள், ஜூலை 9

திருவண்ணாமலை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நல்ல வெயில். வீட்டுக்குப் போகவில்லை, பெட்டியோடு நேரே லாரி ஆபீஸ். அப்பா கல்லாவில். சாவிக்கொத்தை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். எடுத்து இடுப்பில் செருகினேன்.

"இன்னா பாத்த?"

கயிற்றுக் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி. லோடு ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டார். "என் பையன் சிங்கப்பூர்ல ஒருத்தன கட்டிப் போட்டுட்டு வந்திருக்கான். வெள்ளைக்காரன். அவுக்க முடியல அவனால." தோளைத் தட்டினார். என்னைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்தபோதுகூட.

ராத்திரிச் சாப்பாட்டிலும் அதையே அம்மாவிடம் சொன்னார். முட்டியை ஊன்றிக் காட்டினார். கலை மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்கு வலிச்சிருக்கும் இல்ல?" என்றாள்.

அப்பா மோருக்குத் தட்டை நீட்டினார்.

செவ்வாய், ஜூலை 10

வெயில். லோடு. புக்கிங். ஆரணி வண்டி லேட். செங்கம் பார்ட்டி சண்டை.

அப்பாவிடம் பேசவில்லை. மூன்று தடவை எழுந்தேன், மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். பானையே காலி.

கலை ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவின் யூனிபார்ம் பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருப்பதை இவள் எங்கே கற்றுக்கொண்டாள்? என்னிடம்தான்.

புதன், ஜூலை 11

விடியற்காலையில் தூறல். புழுதி அடங்கியது, அவ்வளவுதான்.

பேசிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு. அப்பா தட்டின் முன்னால். நான் எதிரே. மூச்சை இழுத்துக்கொண்டேன். நிஜமாகவே, நெஞ்சை நிமிர்த்தி, முழங்கையைக் கொஞ்சம் தள்ளி. பைத்தியக்காரத்தனம், இருக்கட்டும்.

"அப்பா, நாங்க மூணு பேரும் அரூர் போயிடறோம். முழுசா. அங்கயே ஒரு புக்கிங் ஆபீஸ் போட்டுக்கறேன்."

நான் அப்படி நினைக்கவே இல்லை. எனக்கு வேண்டியது அதில் பாதிதான். ஆனால் பாதி கேட்டால் அப்பா ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்.

அப்பா கையைத் தட்டிலிருந்து எடுத்தார். "இன்னாடா சொல்ற?"

"கலை திங்கக்கிழமை வேலையில சேர்றா. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமையே குடி போறோம்."

"ஆடி முடியட்டும்னேனே."

"ஆடி முடிஞ்சா வேலை இருக்காதுப்பா. உங்களுக்கே தெரியும்."

"இங்க யாரு பாக்கறது? நானா? இந்த முட்டிய வெச்சிக்கினா?"

இந்த இடத்தில்தான் எப்போதும் மூச்சை விடுவேன். விடவில்லை. அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அப்பா: "முழுசா போவற கதையெல்லாம் வேணாம். திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நீ இங்க இருக்கணும். மிச்ச நாள் அங்க போ. அவ வேலைக்குப் போவட்டும். தலையெழுத்து."

"சரிப்பா."

எனக்கு வேண்டியிருந்தது அதேதான். மூச்சு வெளியே வந்தது. சமையலறை வாசலில் கலை நின்றிருந்தாள், கையில் அப்பளத் தட்டு. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். வாரத்தில் நாலு நாள் நான் அவளோடு இருக்க மாட்டேன், சாவிக்கொத்து என் இடுப்பிலேயேதான். இருந்தாலும் வெளிச்சம்.

அப்பா கை கழுவினார். துண்டில் துடைத்தார். வாசலுக்குப் போய் ஒரு செருப்பில் காலை நுழைத்தார். நின்றார். செருப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அவர் திரும்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாப்பா இங்கயே இருக்கட்டும். ஸ்கூல் இங்கதான் இருக்கு. உங்கம்மா பாத்துப்பா. வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போங்க."

இடமே இல்லை. எல்லா மூச்சையும் விட்டு முடித்துவிட்டேன். பாப்பா இல்லாமல் கலை போக மாட்டாள். வேலையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போக முடியாமல் செய்துவிட்டார். வலிக்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை. லோடு தளர்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டினார்.

கலை பேசினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் அவள் இப்படி நேருக்கு நேர் பேசியதில்லை. "மாமா, பாப்பா என்கூடதான் வரும்."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ இன்னாடா சொல்ற?"

கலையும் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை. சனிக்கிழமை தரையில் கிடந்தவன் என்னைப் பார்த்த பார்வை. எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மண்டையைக் குடைந்தேனே, வியாழக்கிழமை பெட்டி மூடும்போது "சரிங்க" என்று சொல்லிவிட்டு இப்படித்தான் பார்த்தாள். அதற்கு முன்னாலும் எத்தனையோ தடவை. கட்டுப்பட்டுக் கிடப்பவன் நான் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டு, எனக்கு நானே பரிதாபப்பட்டுக்கொண்டு, சிங்கப்பூர் வரை போய் வந்தேன். இவளைக் கட்டிய கயிற்றின் நுனி என் கையிலேயேதான் இருந்திருக்கிறது.

"கலை சொல்றதுதான்பா," என்றேன். "பாப்பா எங்ககூட வரும்."

அப்பா நின்றார். சாகிற வரைக்கும் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் முழுவதும் ஆபீசில் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எது கேட்டாலும் லோடு ஆட்கள் வழியாக.

கலை ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு.

வெள்ளி, ஜூலை 13

அரூரில் வீடு பார்த்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்து ஊருக்கு அங்கிருந்து டவுன் பஸ். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் முருங்கை. வீட்டுக்காரம்மா முதல் கேள்வி: "வீட்டுக்காரர் கூட இருப்பாரா?" கலை: "வெள்ளி, சனி, ஞாயிறு இருப்பாருங்க." சொல்லும்போது தயங்கவில்லை.

அப்பா இன்னும் பேசவில்லை.

ஞாயிறு, ஜூலை 15

காற்று. ஆடிக் காற்று முன்கூட்டியே வந்துவிட்டது.

குட்டி யானை வண்டி ஆறு மணிக்கே வாசலில். எழுந்து வெளியே வந்தால் அப்பா வண்டி மேல் நிற்கிறார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. லோடு ஆட்களைத் தொடவிடவில்லை. கட்டில், காஸ் அடுப்பு, டிரம், பெட்டி, கலையின் புத்தக மூட்டை, மடக்கு நாற்காலி. எல்லாவற்றையும் அவரே அடுக்கினார். கீழே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பேச்சில்லை. முட்டி வலிக்கிறது என்று இறங்கும்போது தெரிந்தது, கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்.

கயிறு போட்டு இழுத்தார். போய் டீ குடித்துவிட்டு வந்தார். இரண்டாவது இழுப்பு.

பாப்பாவின் மூன்று சக்கர சைக்கிள் மட்டும் வாசல் திண்ணையோரம் நின்றிருந்தது, சிவப்பு.

"தாத்தா, என் சைக்கிளு?"

"வண்டியில எடமில்ல கண்ணு. இங்கயே இருக்கட்டும். வர்றப்போல்லாம் வந்து ஓட்டு."

பாப்பா உதட்டைப் பிதுக்கினாள். நான் சைக்கிள் பக்கம் ஒரு அடி வைத்தேன். கலை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எங்கள் இருவரையும் பார்க்காமல் சைக்கிளின் சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்பா," என்றேன். கிளம்பிவிட்டோம்.

தண்டராம்பட்டு தாண்டியதும் பழக்கதோஷம், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தளரவில்லை. கட்டிலுக்கும் டிரம்முக்கும் நடுவில், ஒரு சைக்கிள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.